ஷீத் உடையை வெட்டுப்படிவம் கொண்டு தைத்தல்

ஷீத் உடை என்பது உடலோடு ஒட்டி, தோளிலிருந்து முழங்கால் வரை நேராக இறங்கும் பெண்கள் உடையாகும். ஷீத் என்ற ஆங்கிலச் சொல் வாளின் உறையைக் குறிக்கும். மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் இடையில் இணைக்கும் குறுக்குத் தையல் பொதுவாக இதில் இருக்காது. டார்ட் எனப்படும் கூர்மடிப்புத் தையல்களே துணிக்கு வடிவம் தருகின்றன. இதனால் அளவு தவறினால் வெட்டிய பின் திருத்துவது கடினம். துணியில் கத்தரி வைப்பதற்கு முன் செய்யும் வேலையே இவ்வுடையின் பொருத்தத்தைத் தீர்மானிக்கிறது.

வெட்டுப்படிவம்

உடையின் ஒவ்வொரு பாகத்தையும் மெல்லிய தாளில் வரைந்து, உறையிலிட்டு விற்பதே வெட்டுப்படிவம் அல்லது பேட்டர்ன் ஆகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையற்கலைஞர், பல அளவுகளில் அமைந்த காகிதப் படிவங்களை 1863-இல் விற்கத் தொடங்கினார். அதன் பிறகு வீட்டிலேயே உடை தைக்கும் வழக்கம் பெருகியது.

அளவைத் தேர்ந்தெடுத்தல்

படிவத்தின் அளவு எண்ணும் கடையில் விற்கும் உடையின் எண்ணும் ஒன்றல்ல. அமெரிக்கப் படிவங்களில் பெரும்பாலும் 14-ஆம் எண் என்பது மார்பு 36, இடை 28, இடுப்பு 38 அங்குலம். 16-ஆம் எண் என்பது 38, 30, 40 அங்குலம். எனவே எண்ணை நம்பாமல், உடலை நாடாவால் அளந்து உறையில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

ஒருவரின் மூன்று அளவுகளும் ஒரே எண்ணில் அமைவது அரிது. மார்பு 36, இடை 30, இடுப்பு 40 அங்குலம் உள்ளவர், மார்புப் பகுதிக்கு 14-ஆம் கோட்டையும், இடைக்கும் கீழேயும் 16-ஆம் கோட்டையும் பின்பற்றலாம். இரண்டையும் மெல்ல வளையும் கோட்டால் இணைக்க வேண்டும். இடையின் உயரம் பொருந்தாவிட்டால், தாளில் அதற்கெனக் குறித்துள்ள இடத்தில் வெட்டி நீட்டலாம்; அல்லது மடித்துக் குறைக்கலாம்.

குறியீடுகள்

இருமுனை அம்புக்குறி நூலோட்டத்தைக் காட்டும். அது துணியின் கரைக்கு இணையாக அமைய வேண்டும். இல்லையேல் உடை முறுக்கிக்கொள்ளும். ஓரத்தில் உள்ள சிறு முக்கோணங்கள் எந்த ஓரம் எதனோடு சேரும் என்பதைக் காட்டும். தையலுக்கு விடும் இடம் அமெரிக்கப் படிவங்களில் வழக்கமாக 5/8 அங்குலம், அதாவது சுமார் 1.5 செ.மீ.

மாதிரி தைத்தல்

விலை குறைந்த காடாத்துணியில் முதலில் ஒரு மாதிரி தைத்து, அணிந்து பார்ப்பது நல்லது. நின்று மட்டுமன்றி, உட்கார்ந்தும் கைகளை முன்னே நீட்டியும் பார்க்க வேண்டும். குறுக்கே இழுபடும் சுருக்கங்கள் அங்கே இடம் போதவில்லை என்பதையும், தொங்கும் மடிப்புகள் துணி மிகுதி என்பதையும் காட்டும். திருத்தங்களைத் தாளில் குறித்த பின்னரே நல்ல துணியை வெட்ட வேண்டும். துவைக்கக்கூடிய துணியாயின், வெட்டுமுன் நனைத்து உலர்த்தினால் பின்னர் சுருங்காது.

தைக்கும் வரிசை

முதலில் டார்ட்டுகள் தைக்கப்படும். இடையில் அகன்று இருபுறமும் கூராக முடியும் டார்ட்டை நடுவிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் தைக்க வேண்டும். முனையில் பின்தையல் போடாமல் நூலை முடிச்சிட்டால் துணி புடைக்காது. பின்னர் நடுமுதுகில் ஜிப் பொருத்தி, தோள்களை இணைத்து, கழுத்துக்கும் கைக்குழிக்கும் உட்பட்டி தைத்து, பக்கங்களை மூடுவது ஒரு முறை. உடை ஒடுக்கமாக இருப்பதால், நடப்பதற்கு வசதியாகப் பின்புறம் கீழே ஒரு பிளவு விடப்படும். ஒவ்வொரு தையலையும் அடுத்த தையல் அதைக் கடப்பதற்கு முன் இஸ்திரி போட வேண்டும். கீழ் ஓரத்தை மடித்து ஹெம்மிங் செய்வதோடு உடை நிறைவடைகிறது.