தடைக்காலத்தில் பேட்டரிக்கும் சோறு போடுங்கள்

மீன்பிடித் தடை முடிந்த மறுநாள் விடியல். ஐஸ் ஏற்றியாயிற்று, டீசல் நிரப்பியாயிற்று, ஆட்களும் வந்தாயிற்று. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்காது. பக்கத்துப் படகில் பேட்டரி இரவல் வாங்கி எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். கரையில் இரவல் கிடைக்கும். கடலில் எஞ்சின் நின்றால் யாரிடம் கேட்பது? உதவிக்குக் கூப்பிட வேண்டிய விஎச்எஃப் கருவியும் பல படகுகளில் அதே பேட்டரியில்தானே ஓடுகிறது!

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கின்றன. அடிப்பலகை பார்க்கிறோம், பெயின்ட் அடிக்கிறோம், வலையைச் சீர்செய்கிறோம். பேட்டரியை மட்டும் மறந்துவிடுகிறோம். ஆய்வுக்கு வருகிறவர்களும் பதிவு எண்ணையும் பெயின்ட் நிறத்தையும் பார்ப்பார்கள். மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தவரை நான் கண்டதில்லை.

சும்மா கிடந்தாலும் ஈய-அமில பேட்டரியில் சார்ஜ் இறங்கும். வெயில் ஏற ஏற வேகமாக இறங்கும். ஜிபிஎஸ் கருவியோ ஒரு சின்ன விளக்கோ அணையாமல் இருந்தால் கேட்கவே வேண்டாம். இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய வலு வராது.

செய்ய வேண்டியவை இவை. படகைக் கட்டியதும் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்யுங்கள். மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் உப்பை சோடா மாவுத் தண்ணீரால் துடைத்து, உலர்ந்ததும் வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போகக் கூடாது. நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை வோல்ட் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைவு. 12.4-க்கு இறங்கினால் உடனே சார்ஜ் போடுங்கள். 24 வோல்ட் படகென்றால் இரண்டு பேட்டரியையும் தனித்தனியே பாருங்கள். தண்ணீரில் நிற்கும் படகில் தானியங்கி பம்ப் இருந்தால் அதற்கான பேட்டரியைக் கழற்றாதீர்கள், வாரம் ஒருமுறை பாருங்கள்.

செல்லில் தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆசிட் ஊற்றாதீர்கள், கேன் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடிய எஞ்சின் அறையில் சார்ஜ் போடாதீர்கள். கிளம்பும் ஹைட்ரஜனுக்கு ஒரு பீடி நெருப்பு போதும். மறுபடி சொல்கிறேன்: பக்கத்தில் பீடி கூடாது. உப்புத் தண்ணீர் செல்லுக்குள் புகுந்தால் குளோரின் நச்சுவாயு வரும்.

இனி பில். பேட்டரி வாங்கும்போது தேதியும் வரிசை எண்ணும் உள்ள பில், கடை முத்திரையிட்ட வாரன்டி அட்டை இரண்டையும் வாங்குங்கள். கார் பேட்டரியைப் படகில் வைத்தால் வாரன்டி செல்லுமா என்று அட்டையில் முதலில் படியுங்கள். வாரன்டிக்குள் பழுதாகி, கடைக்காரர் "நீங்க சரியாப் பாத்துக்கலண்ணே" என்று கையை விரித்தால் சோதனை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 'தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை' என்பார்கள். மிரளாதீர்கள். சுயதொழிலில் பிழைப்பு நடத்த வாங்கியவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019 சட்டம்.

செத்த பேட்டரியின் ஆசிட்டைத் துறைமுகத்தில் கொட்டாதீர்கள். 2022-ன் பேட்டரி கழிவு விதிகள்படி அதை முறையாகத் திருப்பிக் கொடுப்பது உங்கள் கடமை. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, பழையதற்கான தொகையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

பேட்டரியை ஜூன் 14 ராத்திரி தேடாதீர்கள். ஏப்ரல் 15 காலையிலேயே சார்ஜரில் போடுங்கள். பில்லைப் படகில் வைக்காதீர்கள், நனைந்துவிடும். வீட்டில் ரேஷன் அட்டையோடு வையுங்கள்.