ஐம்பதைத் தாண்டியும் ஆடலாம்... கை நடுங்காமல்!

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் அந்தக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். எடை சுமார் 38 கிலோ. அந்தக் காலத்தில் படையில் சேர வரும் வாலிபர்கள் இதை நூறு தடவைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டுமாம். அரண்மனை வழிகாட்டிகள் இதைச் சொல்லும்போது, சுற்றி நிற்கிற இளவட்டங்கள் தங்கள் புஜத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளாமல் இருக்க மாட்டார்கள்!

அந்தப் பரீட்சையில் ஐம்பது வயசுக்காரர் பாஸாவது கஷ்டம்தான். ஆனால் வயசு பார்க்காத பரீட்சை ஒன்றும் இருக்கிறது. தக்கலை, நாகர்கோவில் என்றில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊர் கிளப்பிலும் சாயந்திரம் எட்டிப் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் நாலு பேர் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இங்கே தள்ள வேண்டிய எடை அதிகபட்சம் 15 கிராம். ஆமாம், கேரம் ஸ்டிரைக்கர்தான்.

முப்பது வருஷமாக டோர்னமென்ட் ஆடும் பெரியவர், கல்லூரிப் பையனை உட்கார வைத்து சர்வசாதாரணமாகத் தோற்கடிப்பார். பையனுக்குக் கண் கூர்மை அதிகம். விரலில் வேகம் அதிகம். ஆனாலும் ஜெயிப்பது பெரியவர். வீட்டிலோ, "இந்த வயசில உங்களுக்கு எதுக்கு இந்தப் பந்தயம்? பி.பி. ஏறிரப் போகுது" என்று திட்டு விழும்.

யார் சொல்வது சரி? பெரியவர் எந்த மனசோடு போட்டிக்குப் போகிறார் என்பதைப் பொறுத்தது அது.

எதிராளியைப் பார்க்காதே!

நம் ஊரில் இதற்குப் பெரிய உதாரணம் மரிய இருதயம். சென்னைக்காரர். 9 தடவை தேசிய சாம்பியன். 1991, 1995 இரண்டு வருஷமும் உலக சாம்பியன். கேரமுக்காக 1996-ம் வருஷத்து அர்ஜுனா விருது பெற்றவர். பணமும் புகழும் கிரிக்கெட் பக்கம் போய்விட்ட நாட்டில், ஒரு பலகை விளையாட்டில் வருஷக்கணக்காக உச்சியில் நிற்பதற்கு விரல் மட்டும் போதுமா?

கேரமின் விதிகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிராளி அடிக்கும்போது நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. டென்னிஸ் மாதிரி பந்தைத் திருப்பி அனுப்ப முடியாது, கபடி மாதிரி காலைப் பிடிக்க முடியாது. நன்றாக ஆடுகிறவர் கையில் முதல் அடி கிடைத்தால் ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் ஒரே மூச்சில் போட்டு முடித்துவிடலாம். 'ஒயிட் ஸ்லாம்' என்பது இதுதான். அதுவரை நீங்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

இந்த நேரத்தில்தான் பழுத்த ஆட்டக்காரரும் புது ஆட்டக்காரரும் பிரிகிறார்கள். புதுசாக ஆடுகிறவர், 'தப்பு பண்ணுடா, தப்பு பண்ணுடா' என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருப்பார். நாக்கு வறண்டுவிடும். தன் முறை வரும்போது பாதி சக்தி போயிருக்கும். அனுபவசாலி சாய்ந்து உட்கார்ந்து மூச்சை விட்டுக்கொண்டிருப்பார். அது அவருடைய நேரம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த போர்டு போனால் போகட்டும், அடுத்த போர்டு இருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர் கைதட்டல் வாங்குகிற அடியைத் தேட மாட்டார். சுலபமான காய் எது, அதைப் போட்டால் அடுத்த காய்க்கு வழி திறக்குமா, விட்டுப்போனால் எதிராளிக்கு லாபமா என்று மூன்றையும் பார்ப்பார். ரெட்டைப் போடுவதற்கு முன்னாலேயே ஃபாலோ காயை முடிவு செய்துவிடுவார். ஃபாலோ விழாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கே வந்துவிடும் இல்லையா?

நாகர்கோவிலில் பிறந்தவர்

பத்மநாபபுரத்துக்குப் பக்கத்திலேயே நாகர்கோவிலில் 1937-ல் பிறந்தவர் டென்னிஸ் ராமநாதன் கிருஷ்ணன். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். அவருடைய ஆட்டத்தில் முரட்டு வேகம் கிடையாது. மென்மையாகத் தொட்டு, இடம் பார்த்துப் பந்தை வைக்கிற ஆட்டம்.

1966-ல் கல்கத்தாவில் டேவிஸ் கோப்பை. எதிரில் பிரேசில். முடிவைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்தில் தாமஸ் காக்கோடு மோதினார் கிருஷ்ணன். முதல் மூன்று செட்டில் இரண்டு போய்விட்டது. நாலாவது செட்டிலும் 2-5 என்று பின்தங்கிவிட்டார். இன்னும் ஒரே ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. அந்த இடத்திலிருந்து 7-5 என்று செட்டைப் பிடித்து, ஐந்தாவது செட்டை 6-2 என்று முடித்தார். இந்தியா முதல் தடவையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குப் போனது இப்படித்தான்.

2-5-ல் நிற்கிறவன், 'ஐந்து கேம் எடுக்க வேண்டுமே' என்று நினைத்தால் அங்கேயே கால் துவண்டுவிடும். அப்போது எடுக்க வேண்டியது ஒரு பாயின்ட். அடுத்து இன்னொன்று. அவ்வளவுதான்.

நாற்பதிலும் தங்கம்

'கிருஷ்ணனுக்கு அப்போது வயசு 29தானே' என்பீர்கள். சரி, சரத் கமலைப் பாருங்கள். சென்னைப் பையன். 2006-ல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் தங்கம் வாங்கினார். பதினாறு வருஷம் கழித்து, 2022-ல் பர்மிங்ஹாமில் அதே தங்கத்தை மறுபடி வாங்கினார். அப்போது வயசு 40! இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் லியம் பிட்ச்ஃபோர்டிடம் முதல் கேமை 11-13 என்று இழந்தார். சொந்த மண்ணில் ஆடும் எதிராளிக்குத்தான் கூட்டத்தின் ஆரவாரம். அடுத்த நாலு கேமையும் வரிசையாக எடுத்தவர் சரத்!

2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் முதல் சுற்றிலேயே தோற்றார். 2025 மார்ச்சில் சொந்த ஊரான சென்னையில் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார். எப்போது தொடர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் போட்டி மனசின் ஒரு பாகம்தான்.

அமெரிக்காவில் 'டிஸ்க் கோல்ஃப்' என்று ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டை எறிந்து, தூரத்தில் இருக்கும் சங்கிலிக் கூடையில் விழ வைக்கவேண்டும். ஒரு வகையில் கேரமுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். கென் கிளைமோ என்பவர் 1990-லிருந்து 2006-க்குள் அதில் 12 தடவை உலக சாம்பியன் ஆனார். அங்கே நாற்பது, ஐம்பது, அறுபது தாண்டியவர்களுக்குத் தனித்தனிப் பிரிவே உண்டு. காரணம் சுலபம்: கூடையும் ஓடாது, கேரம் பாக்கெட்டும் ஓடாது. வயசானால் முதலில் குறைவது பாய்ந்து பிடிக்கிற வேகம். நிற்கிற இலக்கைக் குறிவைக்க அந்த வேகம் தேவையில்லை. நிதானம் இருந்தால் போதும்.

டென்ஷன் எவ்வளவு வேண்டும்?

'டென்ஷனே கூடாது' என்பது தப்பு. கொஞ்சமும் பரபரப்பில்லாதவருக்குக் கவனம் நிற்காது. பரபரப்பு அளவுக்கு மீறினாலும் ஆட்டம் கெடும். யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1908-ல் எலிகளை வைத்துச் செய்த சோதனையில் ஒன்றைக் கண்டார்கள். கஷ்டமான, நுணுக்கமான வேலைக்குக் குறைந்த தூண்டுதலே நல்லது. பளு தூக்குகிறவர் 'ஹா' என்று கத்தலாம். கேரம் ஆடுகிறவர் கத்தினால் காய் பாக்கெட்டுக்குப் போகாது, பலகைக்கு வெளியேதான் போகும்!

நம் எல்லார் கையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுக்கம் எப்போதும் உண்டு. அட்ரினலின் சுரந்தால் அது பெரிசாகும். தூக்கக் குறைவு, காபி, சிகரெட், பசி எல்லாமே அதைக் கூட்டும். இதைக் குறைக்க மாத்திரை எதுவும் வேண்டாம். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும்.

பழகியவர்கள் ஒவ்வொரு அடிக்கும் ஒரே சடங்கு வைத்திருப்பார்கள். ஸ்டிரைக்கரை வைப்பது, பாக்கெட்டைப் பார்ப்பது, காயைப் பார்ப்பது, ஒரு மூச்சு, அடி. பார்வை காயில் நிலைத்த பிறகு, 'விரல் சரியா, முழங்கை சரியா' என்று உள்ளே விசாரணை நடத்தக் கூடாது. கை தானாகச் செய்து பழகிய வேலையை மனசு மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தால் கை தடுமாறும். பரிசளிப்பு மேடையில் நடக்கும்போது நமக்கு நடையே மறந்து போகிறதே, அந்த மாதிரி!

போட்டிக்குப் போகிறீர்களா?

* நாற்பதுக்கு மேல் கிட்டப்பார்வை மங்கும். பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி புத்தகம் படிக்கிற தூரத்துக்கானது. பலகையின் எதிர்மூலை அதைவிடத் தள்ளி இருக்கும். கழுத்தை வளைத்து வளைத்து ஆடினால் மறுநாள் வலிதான். கண் டாக்டரிடம் ஆட்டத்தைச் சொல்லி, அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி கேளுங்கள். மேலே தொங்கும் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால், அதையும் சொல்லுங்கள்.

* சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் 'இந்தச் சுற்று முடியட்டும்' என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது. சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். அதை டென்ஷன் என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். சட்டைப் பையில் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும்.

* பி.பி. மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் என்ற வகை நடுக்கத்தைக் குறைக்கும். அதனாலேயே துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்ற போட்டிகளில் அதற்குத் தடை. யாரோ சொன்னார்கள் என்று நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். டாக்டர் எழுதித் தந்திருந்தால், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

* ஒவ்வொரு கேம் முடிந்ததும் எழுந்து நடங்கள். குனிந்தே இருந்தால் இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும்.

* கை சும்மா மடியில் கிடக்கும்போதே நடுங்கினால், அல்லது ஒரு பக்கக் கை மட்டும் நடுங்கினால், அது ஆட்டத்தின் டென்ஷன் இல்லை. டாக்டரைப் பாருங்கள்.

* நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை... பாதி ஆட்டம் என்று பார்க்காதீர்கள். எழுந்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இறுதி ஆட்டமாகவே இருந்தாலும் சரி!

வீட்டில் இருப்பவர்களுக்கு...

உங்கள் வீட்டுப் பெரியவர் தோற்றுவிட்டு வந்து சாப்பாட்டைத் தள்ளுகிறாரா? ராத்திரி ஒரு மணிக்கு அந்தக் கடைசி அடியைப் பற்றிப் புலம்புகிறாரா? நடுவர் சரியில்லை, பவுடர் சரியில்லை, பலகை சரியில்லை என்று ஒரு வாரம் எரிந்து விழுகிறாரா? அப்படியானால் அவர் ஆடுவது எதிராளியோடு. அந்த ஆட்டம் உடம்புக்கு ஆகாது.

தோற்றுவிட்டு வந்து, "அந்தப் பையன் பிரமாதமா ஆடினான். எனக்கு இடது பக்கக் கட் இன்னும் பழகணும்" என்று சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைந்தால், விட்டுவிடுங்கள், தாராளமாகப் போகட்டும். ரிட்டயரான பிறகு ஒரு மனுஷருக்கு நாலு சிநேகிதர்கள், ஒரு லட்சியம், பழகிக்கொள்ள ஒரு புது விஷயம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது லேசான விஷயமா? கேரம் உட்கார்ந்து ஆடும் ஆட்டம் என்பதால், காலையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று மட்டும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

கோப்பை ஜெயிப்பது ரெட் போடுகிற மாதிரி. ஜெயித்தாலும் தோற்றாலும் வீட்டுக்கு வந்து சிரித்த முகத்தோடு சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்குவது ஃபாலோ மாதிரி. ஃபாலோ விழாமல் ரெட் மட்டும் விழுந்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்!