காமா கதிரின் முகவரியைத் தேடும் அகச்சிவப்புக் கண்கள்

2008-இல் ஏவப்பட்ட ஃபெர்மி விண்தொலைநோக்கி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வானம் முழுவதையும் பார்த்து முடிக்கிறது. அது பட்டியலிட்ட காமா கதிர் மூலங்கள் 5,000-க்கும் அதிகம். அவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று என்ன பொருள் என்பதே தெரியாமல் இருந்தது. கதிர் வந்த இடத்தை ஒரு சிறு வட்டமாக மட்டுமே ஃபெர்மியால் காட்ட முடியும். அந்த வட்டத்துக்குள் எத்தனையோ விண்மீன்களும் மண்டலங்களும் இருக்கும். தாமான் பெயர் இருந்தும் வீட்டு எண் இல்லாத கடிதத்தைப் போன்றது இது.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்க அகச்சிவப்புக் கதிர் உதவுகிறது. வெயில் தாழ்ந்த பிறகும் சிம்பாங் அம்பாட் தார்ச்சாலையிலிருந்து எழும் வெப்பமும் அகச்சிவப்புக் கதிர்தான். ஃபெர்மியின் மூலங்களில் பெரும்பாலானவை 'பிளேசர்' எனப்படும் விண்மீன் மண்டலங்கள். அவற்றின் நடுவில் உள்ள மாபெரும் கருந்துளையிலிருந்து ஒரு தாரை நம்மை நோக்கிப் பீய்ச்சுகிறது. தாரையில் பாயும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று அகச்சிவப்பில் தனி நிறம் காட்டுகின்றன. 2010-இல் வைஸ் விண்தொலைநோக்கி வானத்தை அகச்சிவப்பில் அளந்தது. அந்த நிறத்தைக் கொண்டே பிளேசர்களைப் பிரித்தறிய முடிந்தது.

அதே எலெக்ட்ரான்கள் ஒளித்துகள்களில் மோதி அவற்றைக் காமா கதிராக உயர்த்துகின்றன என்பது பரவலான விளக்கம். அப்படியானால் இரு கதிர்களும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். காமா மட்டும் தனியே எகிறினால் வேறு விளக்கம் தேட வேண்டியிருக்கும். ஆகவே இரண்டையும் ஒரே காலத்தில் பார்ப்பது அவசியம்.

காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு விழுங்கிவிடும். நம் மலாக்காவின் ஈரக்காற்று இதற்கு ஒத்துவராது. வறண்ட லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில், சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கி அகச்சிவப்பிலும் பார்க்கிறது. பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியே அதை இயக்குகிறார்கள். 2024 அக்டோபரில் அதே ஹன்லேயில் 21 மீட்டர் விட்டமுள்ள 'மேஸ்' காமா தொலைநோக்கியும் திறக்கப்பட்டது.

2017 செப்டம்பர் 22-இல் தென்துருவப் பனிக்குள் புதைத்த ஐஸ்கியூப் கருவியில் ஒரு நியூட்ரினோ பதிவானது. அது வந்த திசையில், ஓரியன் விண்மீன் கூட்டத்தில், காமா கதிரில் பொங்கிக்கொண்டிருந்தது ஒரு பிளேசர். நியூட்ரினோ பிறக்க எலெக்ட்ரான் மட்டும் போதாது, புரோட்டானும் வேண்டும். தாரையில் ஓடுவது எது என்ற கேள்விக்கு விடை, இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் அடுத்த பொங்கல்களில் கிடைக்கலாம்.