அம்மா வீட்டு ஃபேனும் ஆறு மைக்ரான் படலமும்

போன மே மாதம் வத்தலக்குண்டிலிருந்து அம்மா போன் செய்தார். "ஃபேன் சுத்துதுடா, காத்துதான் வரமாட்டேங்குது. ராத்திரி திண்ணையிலதான் படுக்குறேன். புதுசு வாங்கிரவா?" பக்கத்து அறை ஃபேன் நன்றாகவே ஓடுகிறதாம். அப்படியென்றால் குறை கரண்டில் இல்லை.

அந்த ஞாயிறு மல்டிமீட்டரோடு கொடைக்கானலிலிருந்து மலை இறங்கினேன். மெயினை அணைத்து, ஃபேன் கப்பை இறக்கி, கண்டென்சரைக் கழற்றி அளந்தேன். மேலே அச்சிட்டிருந்தது 2.5 மைக்ரோஃபாரட். மீட்டர் காட்டியது 1.7. மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது.

எங்கே போனது? உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சுருட்டிய பிளாஸ்டிக் படலம்தான். பாலிபுரொப்பிலீன். தடிமன் ஐந்தாறு மைக்ரான். நம் தலைமுடி இதைவிடப் பத்து மடங்கு தடிமன். அதன்மேல் துத்தநாகமோ அலுமினியமோ ஆவியாகப் படியவைத்த, நானோமீட்டர் கணக்கிலான பூச்சு. இரண்டு உலோகப் பூச்சு, நடுவே ஒரு படலம். அவ்வளவுதான் கண்டென்சர்.

ஏன் பாலிபுரொப்பிலீன்? நம் மின்சாரம் வினாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. முனைவுள்ள மூலக்கூறுகள் ஒவ்வொரு முறையும் கூடவே திரும்பப் பார்த்துச் சூடாகும். பாலிபுரொப்பிலீனில் அந்த முனைவு கிட்டத்தட்ட இல்லை. அதனால் இழப்பு மிகக் குறைவு.

சூடு ஏறும்போதுதான் சிக்கல். முதலாவது, படலம் மின்னழுத்தத்தைத் தாங்கும் வலு குறைகிறது. பலவீனமான ஒரு புள்ளியில் ஓட்டை விழுகிறது. அந்தப் பொறியில் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகி, அந்த இடம் தனிமைப்பட்டுவிடும். கண்டென்சர் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது! ஆனால் ஒவ்வொரு காயத்துக்கும் கொஞ்சம் பரப்பு போகிறது. பரப்பு குறைந்தால் மைக்ரோஃபாரடும் குறையும். துணைச் சுருளுக்குப் போகும் மின்னோட்டம் குறைந்து, ஃபேன் சோர்ந்துபோகும்.

இரண்டாவது மெதுவாக நடப்பது. வருடக்கணக்கான சூட்டில் ஆக்சிஜன் பாலிமர் சங்கிலியில் போய் ஒட்டுகிறது. முனைவே இல்லாத படலத்துக்கு இப்போது முனைவு வந்துவிடுகிறது. இழப்பு கூடும், அதனால் சூடு கூடும், சூட்டினால் இழப்பு இன்னும் கூடும்.

பொறியாளர்கள் தோராயமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி. வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100. கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்று வைத்தால் சுமார் 12 டிகிரி வித்தியாசம். ஒரே கண்டென்சர் மேலே இரண்டு மடங்குக்கு மேல் வாழவேண்டும், இல்லையா?

ஆனால் என் கொடைக்கானல் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் கண்டென்சர் அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் போயிருந்தது. மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. அதை உடைத்தபோது, படலம் திட்டுத்திட்டாகக் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. படலம் ஈரத்தைக் குடிப்பதில்லை. ஆனால் மூடியின் விரிசல் வழியே புகுந்த ஈரம் மெல்லிய உலோகப் பூச்சை அரித்துவிடுகிறது. கீழே வெயில் படலத்தைத் தின்கிறது, மேலே மூடுபனி உலோகத்தைத் தின்கிறது.

வாங்கும்போது கண்டென்சரின் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். 40/85/21 என்றால் மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை தாங்கும், ஈரச்சூட்டில் 21 நாள் சோதனை என்று பொருள். 85-க்குப் பதில் 70 என்று இருந்தால், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறைக்கு வேண்டாம். 'பி' வகுப்பு என்றால் 10,000 மணி நேரம். தினம் 12 மணி நேரம் ஓடினால் 833 நாள். அது உச்ச வெப்பத்திலேயே ஓடினால் வரும் கணக்கு. அதற்குக் கீழே ஓடினால் இன்னும் நாள் தாங்கும்.

"வேகமா ஓடும்" என்று யாராவது 2.5-க்குப் பதில் 3.15 போடச் சொன்னால் கேட்காதீர்கள். துணைச் சுருள் சூடாகி ஃபேனே கருகலாம்.

புது 2.5 போட்டேன். அம்மா தலையில் முந்தானை பறந்தது. "இந்தச் சின்ன டப்பாவுக்காகவா ஒரு மாசம் திண்ணையில கிடந்தேன்?" என்றார்.