சாப்பிட்டதெல்லாம் வாந்தியா? இரைப்பைக்குள்ளும் கரண்ட் வைக்கிறார்கள்!

ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட சாம்பார் சாதம், காலையில் பல் தேய்க்கும்போது வாந்தியில் வருகிறது. அதுவும் சோறு சோறாக, அப்படியே!

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடக்கிறதா? குறிப்பாக, பத்துப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு?

நாம் உடனே என்ன சொல்வோம்? "பித்தம் ஏறிடுச்சு" என்போம். அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஆவடி ஃபேக்டரியிலோ ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் என்றால், "கண்ட நேரத்துல சாப்பிட்டா இப்படித்தான்" என்போம். இஞ்சிச் சாறு, சீரகத் தண்ணீர் எல்லாம் கொடுத்துப் பார்ப்போம். அடங்காவிட்டால் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஒரு ‘வாந்தி மாத்திரை’. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சரி. மாதக்கணக்கில் தொடர்ந்தால்? அது பித்தம் அல்ல. இரைப்பையே வேலை நிறுத்தம் செய்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம்!

இதற்கு ‘காஸ்ட்ரோபரேசிஸ்’ என்று பெயர். வழியில் அடைப்பு எதுவும் இருக்காது. ஆனாலும் சாப்பாடு இரைப்பையை விட்டு நகராது.

கிரைண்டர் நின்றுபோனால்...

நம் இரைப்பை ஒரு கிரைண்டர் மாதிரி. சாப்பாட்டை அரைத்துக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குத் தள்ளும். இதற்குத் தாளம் போட்டுக் கொடுக்க இரைப்பைச் சுவரிலேயே ‘கஹால்’ செல்கள் என்று சிறப்புச் செல்கள் இருக்கின்றன. 1906-ல் நோபல் பரிசு வாங்கிய ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி கஹாலின் பெயர்தான் அது. இந்தச் செல்கள் நிமிஷத்துக்கு மூன்று முறை மின் அலையை எழுப்புகின்றன. மூளையிலிருந்து வரும் ‘வேகஸ்’ நரம்பு மேற்பார்வை பார்க்கிறது.

பல வருஷம் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால், காலில் மதமதப்பு வருகிற மாதிரியே இந்த நரம்பும் செல்களும் பழுதாகின்றன. கிரைண்டர் மந்தமாகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும். உப்புசம், குமட்டல், பிறகு வாந்தி.

சர்க்கரை இல்லாதவர்களுக்கும், காரணமே தெரியாமல் இது வருவதுண்டு. இவர்களில் பெண்களே அதிகம். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் ‘நார்மல்’ என்று வந்ததும், "சாப்பிடப் பிடிக்காம நடிக்கிறா" என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள்!

சண்டையைக் கிளப்பும் சர்க்கரை

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஊசி மருந்து நேரத்துக்கு வேலை செய்யும். சாப்பாடோ இரைப்பையிலேயே உட்கார்ந்திருக்கும். விளைவு, திடீர் லோ-சுகர், மயக்கம்! பிறகு சாப்பாடு நகர்ந்ததும் சர்க்கரை எகிறும். "ஏங்க, எனக்குத் தெரியாம ஸ்வீட் சாப்பிட்டீங்களா?" என்று வீட்டில் சண்டை வரும். பாவம், அவர் மேல் தப்பே இருக்காது. காரணம் புரியாமல் சர்க்கரை ஏறி இறங்கினால், வாந்தி விஷயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எண்டோஸ்கோப்பி. புண்ணோ, கட்டியோ, அடைப்போ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்தது, துளி கதிரியக்க மருந்து கலந்த உணவைச் சாப்பிட வைத்து நான்கு மணி நேரம் படமெடுக்கும் பரிசோதனை. வெளிநாட்டில் முட்டை வெள்ளைக்கருவும் பிரெட்டும் தருவார்கள். இட்லியில் கலந்து கொடுப்பதும் உண்டு. நான்கு மணி நேரம் கழித்தும் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால் கோளாறுதான்.

பரிசோதனைக்குப் போகும் முன் நீங்கள் சாப்பிடும் மருந்துகளையெல்லாம் டாக்டரிடம் காட்டுங்கள். செமாகுளூடைட், டிர்செபடைட் போன்ற, சர்க்கரைக்கும் உடல் எடை குறைக்கவும் போடும் மருந்துகள்கூட இரைப்பையை மந்தமாக்கும்.

கீரைக்கு லீவு!

வேடிக்கையைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்குக் கீரை, வாழைத்தண்டு, முழு தானியம் என்றுதானே சொல்வோம்? இவர்களுக்கு அந்த நார்ச்சத்தே எதிரி! இரைப்பையில் சிக்கி உருண்டையாகிவிடும். எண்ணெய்ப் பலகாரமும், தேங்காய் அரைத்த குழம்பும் ஆகாது.

குழைந்த சாதம், ரசம், இட்லி, மோர், வடிகட்டிய சூப் என்று ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். கஞ்சி எளிதில் இறங்கும். ஆனால் சர்க்கரையை ஏற்றும். அதனால் அளவை டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் படுக்காதீர்கள். சும்மா வாசல் வரை நடந்துவிட்டு வாருங்கள்.

மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். மெட்டோகுளோபிரமைடு, லெவோசல்பிரைடு இரண்டையும் நீண்ட நாள் விழுங்கினால், குறிப்பாக வயதானவர்களுக்கு, கை நடுக்கம், வாய் கோணுதல் வரலாம். நாம் ‘காஸ் மாத்திரை’ என்று வாங்குகிற பல கேப்சூல்களில் இவை கலந்திருக்கின்றன. பழைய சீட்டைக் காட்டி நீங்களே வாங்காதீர்கள்.

அப்புறம்தான் கரண்ட்!

இத்தனைக்கும் அடங்காத வாந்திக்குத்தான் இந்த மின் சிகிச்சை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பேட்டரிக் கருவியை வயிற்றுத் தோலுக்கு அடியில் பதிக்கிறார்கள். அதிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகளை இரைப்பைச் சுவரின் தசையில், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தைக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷன் இது. பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியிலேயே முடிந்துவிடும். நிமிஷத்துக்கு 12 முறை, அதாவது இரைப்பையின் இயற்கைத் தாளத்தைப்போல நான்கு மடங்கு வேகத்தில், சின்னச் சின்ன மின் துடிப்பு போகும். பொதுவாக ஷாக் அடிக்காது!

"ஹார்ட்டுக்கு வைக்கிற பேஸ்மேக்கர் மாதிரியா?" என்று கேட்பீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அங்கேதான் ஏமாற்றமும் ஆரம்பிக்கிறது. இதயத்தைப் பேஸ்மேக்கர் துடிக்க வைக்கிறது. இந்தக் கருவி இரைப்பையை ஓட வைப்பதில்லை! குமட்டல் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகளைச் சாந்தப்படுத்துகிறது என்றே டாக்டர்கள் கருதுகிறார்கள்.

அமெரிக்க அரசு 2000-ம் ஆண்டில் இதற்கு அனுமதி கொடுத்தது. அதுகூட முழு அனுமதி அல்ல; அரிதான நோய்க்கு வேறு வழியில்லாதபோது பயன்படுத்தலாம் என்கிற மனிதாபிமானச் சலுகை. 2020-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 172 பேருக்குக் கருவியைப் பொருத்தி, சில மாதம் ஆன் செய்தும் சில மாதம் ஆஃப் செய்தும் பார்த்தார்கள். எப்போது ஆன், எப்போது ஆஃப் என்று நோயாளிக்கே தெரியாது. ஆன் செய்திருந்தபோது வாந்தி தெளிவாகக் குறைந்தது சுமார் 30 சதவீதம் பேருக்கு. ஆஃபில் இருந்தபோது சுமார் 17 சதவீதம். பலன் உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. இரைப்பை காலியாகும் வேகமும் மாறவில்லை.

கருவி உள்ள இடத்தில் கிருமி தொற்றலாம், கம்பி நகரலாம். சில வருஷங்களில் பேட்டரி தீர்ந்தால் மறுபடி ஆபரேஷன். எம்.ஆர்.ஐ. எடுப்பதிலும் கட்டுப்பாடுகள் உண்டு. இரைப்பையின் கீழ்வாசல் தசையை வாய் வழியாகவே எண்டோஸ்கோப்பி மூலம் வெட்டித் தளர்த்தும் ‘ஜி-போயம்’ முறையும் 2013-லிருந்து வந்திருக்கிறது. இது நம் நாட்டிலும் செய்யப்படுகிறது.

நகையை விற்கும் முன்...

நோயாளியின் அவஸ்தையைப் பார்க்கும்போது, "எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல டாக்டர்" என்று சொல்லத் தோன்றும். அதற்கு முன் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. நான்கு மணி நேரப் பரிசோதனை செய்து நோயை உறுதி செய்தாயிற்றா?
2. சர்க்கரை, சாப்பாடு, மருந்து மூன்றையும் சரியாக முயன்று பார்த்தாயிற்றா?
3. எங்கள் நோயாளிக்கு முக்கியத் தொல்லை வாந்தியா, வயிற்று வலியா? (வலிக்கு இந்தக் கருவியை நம்ப முடியாது.)
4. பலன் இல்லாவிட்டால் அடுத்து என்ன? பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்?

பேட்டை நர்சிங் ஹோமில் முடிவு செய்யும் விஷயம் அல்ல இது. அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்தால் சென்ட்ரல். எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை. ஜீரண மண்டல நிபுணர்கள் இருக்கிறார்கள். பூந்தமல்லிக்காரர்களுக்குப் போரூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் டிஸ்பென்சரியில் ரெஃபரன்ஸ் கடிதம் கேளுங்கள்.

ஆனால் வாந்தியில் ரத்தம், கறுப்பு மலம், தண்ணீர்கூடத் தங்காத நிலை, சிறுநீர் குறைதல், குழப்பமான பேச்சு, நெஞ்சு அடைப்புடன் வியர்வை... இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

இன்றைக்கே ஒரு நோட்டை எடுங்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி, அப்போது சர்க்கரை எவ்வளவு என்று இரண்டு வாரம் எழுதி, டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பாதி வைத்தியம் அந்த நோட்டிலிருந்துதான் ஆரம்பிக்கும்!