ஏத்துறது நாலு வீல், நிறுத்துறது டயர்

தேர்ட் இயர் ஐவி. பேருக்கு சண்டிகர்ல ஒரு ஃபேக்டரி, மீதி நாள் எல்லாம் மனாலி. ஐவின்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜனவரி மாசம். நாங்க போய்ச் சேர்ந்த அன்னைக்கு முந்தின ராத்திரிதான் பனி கொட்டியிருந்தது. சோலாங் தாண்டி அடல் டனல் பக்கம் போகணும்னா ஃபோர் பை ஃபோர் வண்டி மட்டும்தான் விடுவோம்னு செக்போஸ்ட்ல சொல்லிட்டாங்க. எங்க டெம்போ டிராவலரை அங்கேயே ஓரம் கட்டிட்டு, ஆறு பேர் காசு போட்டு ஒரு லோக்கல் ஃபோர் பை ஃபோர் வண்டியைப் பிடிச்சோம்.

ஏறும்போது செம கெத்து. வழியில ரெண்டு கார் வீல் மட்டும் சுத்த, நின்ன இடத்துலேயே நிக்குது. நாங்க அதைத் தாண்டி சர்ருன்னு ஏறிப் போறோம். வண்டிக்குள்ள ஒரே விசில்.

இறங்கும்போது விசில் இல்லை. ஒரு வளைவுக்கு முன்னாடி டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதிச்சார். ஏபிஎஸ் கடகடன்னு அதிர்ற சத்தம் கேக்குது, ஆனா வண்டி நிக்கலை. ரொம்ப மெதுவா, எந்த அவசரமும் இல்லாம சறுக்கிட்டே போகுது. வலது பக்கம் பள்ளம். எதிர்ல ஒரு கார். அண்ணன் சட்டுன்னு பிரேக்கை விட்டார், ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினார், ரோட்டோரம் குவிச்சு வச்சிருந்த பனி மேட்டுல வண்டியை முட்டி நிறுத்தினார். பம்பர்ல ஒரு நெளிசல், யாருக்கும் அடி இல்லை.

"ஃபோர் பை ஃபோர்தானேடா, அப்புறம் எப்படி சறுக்கும்?"னு என் ஃப்ரெண்ட் கேட்டான். அண்ணன் கீழே இறங்கி, ஒண்ணும் பேசாம, ஷூவால முன் டயரை ரெண்டு தட்டு தட்டினார். பார்த்தா பட்டன் எல்லாம் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கு. ஆறு மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்ஸ் சுத்தி நிக்கிறோம். ஒருத்தனுக்கும் பதில் தெரியலை. ஹாஸ்டல் வந்து பேப்பர் எடுத்துக் கணக்கு போட்டப்பதான் எனக்குப் புரிஞ்சது.

நாலு வீல் டிரைவ் உண்மையில என்ன பண்ணுது?

என்ஜினோட டார்க் எத்தனை வீலுக்குப் போகுதுங்கிறதுதான் விஷயம். சாதா கார்ல ரெண்டு வீல், ஃபோர் பை ஃபோர்ல நாலு. அவ்வளவுதான். பிரேக் எந்தக் காரா இருந்தாலும் நாலு வீல்லயும் இருக்கு. பிரேக் போடும்போது ஆல்டோவும் ஃபோர் வீல்தான், தாரும் ஃபோர் வீல்தான். அதனால நிறுத்துறதுல ஃபோர் பை ஃபோருக்குத் தனியா எந்தச் சலுகையும் கிடையாது. அங்க பேசுறது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற உராய்வு மட்டும்தான். ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல பார்த்த அதே மியூ.

தோராயமா எடுத்துக்குவோம். காய்ஞ்ச தார் ரோட்டுல மியூ 0.7. வண்டிகள் ஓடி ஓடி இறுகிப்போன பனியில சாதா டயருக்கு 0.2, நல்ல விண்டர் டயருக்கு 0.3. உருகி ஈரமா இருக்கிற ஐஸ்ல 0.1 அல்லது அதுக்கும் கீழே. பனியோட நிலை, டயரோட தேய்மானம் பொறுத்து இதெல்லாம் மாறும். கணக்குக்கு இது போதும்.

பிரேக்கிங் தூரம் கண்டுபிடிக்க, வேகத்தோட வர்க்கத்தை 2 × மியூ × ஜி-யால வகுக்கணும். 40 கிமீ வேகத்துல, சமதரையில:

காய்ஞ்ச ரோடு: 9 மீட்டர்.
பனி, விண்டர் டயர்: 21 மீட்டர்.
பனி, சாதா டயர்: 31 மீட்டர்.

இந்த ஃபார்முலாவுல எத்தனை வீல் டிரைவ்னு ஒரு இடமே இல்லை, கவனிச்சீங்களா? வண்டியோட எடை கூட இல்லை. பெரிய வண்டி, சேஃபா நிக்கும்ங்கிற நினைப்பும் அதோட காலி.

இப்போ அதே ரோட்டை 10 சதவீத இறக்கமா மாத்துங்க. அதாவது 100 மீட்டருக்கு 10 மீட்டர் கீழே இறங்குது. மலை ரோட்டுல இது சாதாரணம். இறக்கத்துல நம்மகிட்ட இருக்கிற கிரிப்ல புவியீர்ப்பு முதல்ல தன் பங்கை எடுத்துக்கும். 0.2-ல 0.1 போயிடும், மீதி 0.1. சாதா டயர் நிக்க 63 மீட்டர் ஆகும். விண்டர் டயருக்கு 0.3-ல 0.1 போனாலும் 0.2 மிச்சம், 31 மீட்டர்ல நின்னுடும். சமதரையில 10 மீட்டரா இருந்த வித்தியாசம் இறக்கத்துல 30 மீட்டருக்கு மேல போயிடுச்சு. எங்க வண்டிக்கும் எதிர் காருக்கும் நடுவுல அவ்வளவு தூரமே இல்லை.

ஆபத்து எங்க ஒளிஞ்சிருக்கு?

என்னை ரொம்ப யோசிக்க வச்ச பகுதி இதுதான். ஃபோர் பை ஃபோர் எவ்வளவு செங்குத்தான ரோடு வரைக்கும் ஏறும்? முழு எடையும் டிரைவ் வீல்கள் மேல இருக்கிறதால, டேன் தீட்டா மியூவுக்குச் சமமாகிற வரைக்கும். சாதா டயர்ல 20 சதவீதம். சரி, எவ்வளவு செங்குத்தான இறக்கம் வரைக்கும் பிரேக் பிடிச்சு நிக்க முடியும்? அதுவும் டேன் தீட்டா மியூவுக்குச் சமமாகிற வரைக்கும்தான். அதே 20 சதவீதம். ரெண்டு எல்லையும் ஒண்ணு!

முன் வீல் டிரைவ் காரைப் பாருங்க. எடையில சுமார் 60 சதவீதம்தான் முன் வீல்கள் மேல. ஏறும்போது எடை பின்னால சாயறதால அதுவும் கொஞ்சம் குறையும். அந்த கார் 12 சதவீத ஏத்தத்துலேயே திணறி நின்னுடும். ஆனா இறங்கும்போது அதே கார் நாலு வீல் பிரேக்கோட 20 சதவீதம் வரைக்கும் தாங்கும். அப்படின்னா, முன் வீல் டிரைவ் கார் ஏற முடிஞ்ச எந்த ரோட்டுலயும் இறங்க அதுக்கு ஒரு மிச்சம் இருக்கு. வீல் சுத்தி நின்னுபோறது ஒரு வார்னிங். "இதுக்கு மேல வேணாம், திரும்பிப் போ"ன்னு ரோடே சொல்லுது. ஃபோர் பை ஃபோர் அந்த வார்னிங்கை ஆஃப் பண்ணிடுது. பிரேக் பிடிக்கிற எல்லை வரைக்கும் நம்மளை அழகா மேல கூட்டிட்டுப் போய் விட்டுடுது. நாங்க விசில் அடிச்ச அந்த ரெண்டு கார், நியாயமா பார்த்தா எங்களை விட சேஃபான இடத்துல நின்னுட்டு இருந்தது.

இன்னொரு கணக்கு. விண்டர் டயர் போட்ட முன் வீல் டிரைவ் கார் சுமார் 18 சதவீதம் ஏறும். சாதா டயர் போட்ட ஃபோர் பை ஃபோர் 20 சதவீதம். ஏறுறதுல கிட்டத்தட்ட சமம். நிக்கிறதுலயும் திரும்புறதுலயும் விண்டர் டயர் ஒன்றரை மடங்கு மேல. ரெண்டும் சேர்ந்து இருந்தா சூப்பர். ஒண்ணுதான் கிடைக்கும்னா நான் டயரைத்தான் கேப்பேன்.

"அப்போ ஆடி கார் பனிச்சறுக்கு மேடையில ஏறுச்சே?"ன்னு கார் பைத்தியங்கள் கேக்கலாம். 1986-ல ஃபின்லாந்துல ஆடி 100 சிஎஸ் குவாட்ரோவை ஸ்கீ ஜம்ப் மேடையில ஏத்தி விளம்பரம் எடுத்தாங்க. 2005-ல ஏ6 குவாட்ரோவை வச்சு அதே மேடையில மறுபடியும் ஏத்தினாங்க. சரிவு சுமார் 80 சதவீதம். நம்ம கணக்குப்படி மியூ 0.8 வேணும், அதாவது காய்ஞ்ச தார் ரோட்டு கிரிப். பனியில எந்த ரப்பரும் அதைத் தராது. அந்த ஏ6-ல இருந்தது ஆணி பதிச்ச டயர். விளம்பரம் குவாட்ரோவுக்கு, பாதி உழைப்பு ஆணிக்கு.

விண்டர் டயர்ல அப்படி என்ன இருக்கு?

மூணு விஷயம். முதல்ல ரப்பர். டயர் ரோட்டைப் பிடிக்கணும்னா ரப்பர் நெளிஞ்சு ரோட்டோட மேடுபள்ளத்துக்குள்ள இறங்கணும். சாதா டயரோட ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக இறுகிடும். விண்டர் டயர்ல இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூடுதலா சேர்த்து, மைனஸ்லயும் மெத்துனு இருக்கிற மாதிரி கலவை பண்றாங்க. மெட்டீரியல்ஸ் பேப்பர்ல படிச்ச கிளாஸ் ட்ரான்சிஷன் டெம்பரேச்சர் ஞாபகம் இருக்கா? அதைக் கீழே தள்ளுறதுதான் இங்க வேலை.

ரெண்டாவது, பள்ளங்கள். டயர்ல பனி ஒட்டிக்கிட்டா கிரிப் போச்சுன்னுதான் நானும் நினைச்சேன். நேர் எதிர். பனியைக் கையில எடுத்து அமுக்கினா உருண்டையாகுது இல்லையா, பனி பனியோட நல்லா ஒட்டும். விண்டர் டயரோட அகலமான பள்ளங்கள் பனியைப் பிடிச்சு வச்சுக்கும். ரோட்டுப் பனி மேல டயர்ல இருக்கிற பனி கடிக்கும்.

மூணாவது, பட்டன்ல பிளேடால கீறின மாதிரி இருக்கிற மெல்லிய வெட்டுகள். ஐஸ் மேல இருக்கிற மெல்லிய தண்ணிப் படலத்தை அது வழிச்சு எடுக்கும். ஒவ்வொரு வெட்டும் ஒரு புது விளிம்பு, ஒவ்வொரு விளிம்பும் கடிக்கும்.

இது புது கண்டுபிடிப்பும் இல்லை. ஃபின்லாந்துல 1934-லேயே லாரிக்கு விண்டர் டயர் வந்துடுச்சு, 1936-ல காருக்கு. அதைப் பண்ணின ரப்பர் கம்பெனி 1967-ல நோக்கியாவோட இணைஞ்சது. ஆமா, நம்ம வீட்டுல அப்பா வச்சிருந்த ஃபோன் கம்பெனிதான்! முதல் ஆடி குவாட்ரோ வந்தது 1980-ல. பனி ஊர்க்காரங்க அதுக்கு 44 வருஷம் முன்னாடியே டயரை யோசிச்சிருக்காங்க.

கனடாவோட கியூபெக் மாகாணத்துல 2008-ல இருந்து குளிர்காலத்துல விண்டர் டயர் கட்டாயம். இப்போ டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஜெர்மனியில ரோட்டுல பனியோ ஐஸோ இருந்தா அதுக்கான டயர் இல்லாம ஓட்டக் கூடாது. ரெண்டு இடத்துலயும் "என்கிட்ட ஃபோர் பை ஃபோர் இருக்கு"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

நம்ம பக்கம்

9 கிமீ நீளமான அடல் டனல் 2020 அக்டோபர்ல திறந்தாங்க. 3,000 மீட்டருக்கு மேல இருக்கு. குளிர்காலத்துல மூடிக் கிடக்கிற ரோத்தாங் கணவாயை நம்பி இருந்த இடத்துக்கு இப்போ ஜனவரியிலயும் டூரிஸ்ட் போறாங்க. 2024 டிசம்பர்ல சோலாங்குக்கும் டனலுக்கும் நடுவுல ஏறக்குறைய ஆயிரம் வண்டிகள் பனியில சிக்கினது நியூஸ்லயே வந்தது.

செக்போஸ்ட் ரூல் தப்புன்னு நான் சொல்லலை. டூ வீல் டிரைவ் கார் நடு ரோட்டுல நின்னு எல்லாரையும் மறிக்காம இருக்க அது உதவுது. ஆனா எங்க வண்டியோட டயரை யாரும் குனிஞ்சு பார்க்கலை. நாங்களும் பார்க்கலை. விண்டர் டயர் நம்ம நாட்டுல சுலபமா கிடைக்காது. கிடைச்சாலும், சமவெளி வெயில்ல ஓடினா சீக்கிரம் தேய்ஞ்சுடும். அதனால அங்க நடைமுறையில இருக்கிறது ஸ்னோ செயின். எங்க வண்டியில அதுவும் பின்னாடி சாக்குல கட்டித்தான் இருந்தது, வீல்ல இல்லை.

அடுத்த ஐவி போற ஜூனியர்ஸுக்கு:

ஏறுறதுக்கு முன்னாடி டயரைப் பாருங்க. மூணு சிகரம் இருக்கிற மலை, அதுக்குள்ள ஒரு பனித்துகள் படம் இருந்தா அது பனியில டெஸ்ட் பண்ணின டயர். வெறும் எம் ப்ளஸ் எஸ்னு மட்டும் இருந்தா அது பட்டனோட வடிவத்தைப் பத்தின குறிப்பு, டெஸ்ட் கிடையாது. நம்ம சட்டப்படி 1.6 மிமீ ஆழம் போதும். ஆனா ஆஸ்திரியாவுல விண்டர் டயருக்கே 4 மிமீ இருக்கணும். தேய்ஞ்ச டயர்னா வேற வண்டி பிடிங்க.

செயின் எங்கன்னு கேளுங்க. ஏத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாட்டச் சொல்லுங்க.

நீங்களே ஓட்டினா, இறங்கும்போது ஃபோர் லோ, சின்ன கியர். என்ஜின் பிரேக்கிங் நாலு வீலுக்கும் பிரிஞ்சு போகும். ஃபோர் பை ஃபோர் இறக்கத்துல உண்மையா உதவுற இடம் இது ஒண்ணுதான். டனலுக்குள்ள ரோடு காய்ஞ்சிருந்தா தார், ஜிம்னி மாதிரி வண்டிகள்ல டூ ஹைக்கு மாத்திடுங்க, இல்லைன்னா டிரான்ஸ்மிஷன் முறுக்கிக்கும்.

பிரேக்கும் திருப்பமும் ஒரே நேரத்துல வேணாம். டயர்கிட்ட இருக்கிற கிரிப் ஒரே ஒரு பட்ஜெட். முழுசையும் பிரேக்குக்குச் செலவு பண்ணிட்டா திரும்புறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. டிரைவர் அண்ணன் அன்னைக்கு ஏன் பிரேக்கை விட்டார்னு எனக்கு அப்புறம்தான் விளங்குச்சு. நிக்க முடியாதுன்னு தெரிஞ்ச அந்த நொடியில, மிச்சம் இருந்த கிரிப்பை எல்லாம் திரும்புறதுக்குக் கொடுத்தார். அவர் இந்த ஃபார்முலாவை எழுதிப் பார்த்திருப்பாரான்னு தெரியாது, ஆனா காலுக்குத் தெரிஞ்சிருந்தது.

அந்த வண்டியில நாங்க ஆறு பேர் எடுத்த ரீல்ஸ் இன்னும் என் ஃபோன்ல இருக்கு. எல்லாமே ஏறும்போது எடுத்தது. ஒண்ணுல கூட டயர் இல்லை.