கேமிங் பிசி ஃபேன் அலறுவது ஏன்? வேகத்தைக் கூட்டினால் சூடு குறையுமா?

கேமைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மேஜைக்கு அடியில் மிக்ஸி ஓடுவது போல ஒரு சத்தம். ஹெட்போனையும் மீறிக் கேட்கும். "ஃபேன் போயிடுச்சு போல, மாத்திடலாமா?" என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். இன்னும் சிலர் பயாஸுக்குள் போய் எல்லா ஃபேனையும் 100 சதவீதத்தில் வைத்துவிடுவார்கள். பல நேரம் இரண்டுமே தேவைப்படாத வேலை.

உள்ளே இருக்கும் சூட்டைப் பார்த்துத்தான் மதர்போர்டு ஃபேனின் வேகத்தை முடிவு செய்கிறது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்று தெரிந்தால் பைசா செலவில்லாமலேயே சத்தத்தை அடக்கிவிடலாம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதுமே கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டுக்கு வரையறுக்கப்பட்ட மின் அளவு 115 வாட். ஆர்டிஎக்ஸ் 4090 என்றால் 450 வாட். கேம் விளையாடும்போது பெரும்பாலான கணினிகளில் அதிக சூட்டைக் கக்குவது சிபியு அல்ல, கிராபிக்ஸ் கார்டுதான்.

சிப்பில் பிறக்கும் சூடு தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட்சிங்க்கின் உலோகத் தகடுகளுக்குப் போகிறது. அங்கிருந்து கேபினட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு. கடைசியில் அறைக்கு. இந்தப் பாதையில் ஓரிடத்தில் அடைப்பு இருந்தாலும், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஃபேனால் அதைச் சரிசெய்ய முடியாது.

ஃபேன் குளிர்விக்கிறதா?

வீட்டு சீலிங் ஃபேன் அறைக் காற்றைக் குளிராக்குவதில்லை. நம் உடம்பின் சூட்டையும் வியர்வையையும்தான் எடுத்துச் செல்கிறது. கணினி ஃபேனும் அப்படித்தான். சூடான காற்றைத் தள்ளிவிட்டு அறைக் காற்றை உள்ளே கொண்டுவரும், அவ்வளவுதான். அறையின் வெப்பநிலைக்குக் கீழே எந்த ஃபேனாலும் சிப்பைக் கொண்டுபோக முடியாது. லிக்விட் கூலருக்கும் இதே விதிதான், ஏனென்றால் அதன் ரேடியேட்டரும் அறைக் காற்றையே நம்பியிருக்கிறது.

அதனால் பார்க்க வேண்டியது அறைக்கும் சிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை. 25 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டும் சிப், அதே கேமில், அதே ஃபேன் வேகத்தில், 37 டிகிரி அறையில் ஏறக்குறைய 82 காட்டும். கணினி கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை, மே மாதம் வந்துவிட்டது, அவ்வளவுதான். "யூடியூப்ல அவருக்கு 65 தான் வருது, எனக்கு மட்டும் ஏன் 80?" என்று கவலைப்படும் முன், அவர் எந்த அறையில் சோதித்தார் என்று பாருங்கள்.

வேகத்தை இரட்டிப்பாக்கினால் சூடு பாதியாகுமா?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கேபினட்டுக்குள் 400 வாட் வெப்பம் உருவாகிறது. வெளியேறும் காற்று, உள்ளே வரும் காற்றைவிட 10 டிகிரி மட்டுமே கூடுதல் சூட்டில் இருக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு சுமார் 2 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். அதை 4 கன மீட்டர் ஆக்கினால் வித்தியாசம் 5 டிகிரியாகக் குறையும். 8 ஆக்கினால் 2.5 டிகிரி. முதல் இரட்டிப்பில் 5 டிகிரி லாபம், அடுத்த இரட்டிப்பில் பாதி லாபம்தான்.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். ஒரு ஃபேனின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றின் அளவு இரண்டு மடங்காகும், அது இழுக்கும் மின்சாரமோ எட்டு மடங்காகும். சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே நம் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும்.

பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டுவது நல்லது என்று சொல்வது இதனால்தான். ஒரே மாதிரி வடிவமைப்பில், ஒரே வேகத்தில், 140 மில்லிமீட்டர் ஃபேன் 120 மில்லிமீட்டர் ஃபேனைவிட ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் கூடுதலாகக் காற்றைத் தள்ளும்.

எத்தனை டிகிரி வரை பயமில்லை?

ஒவ்வொரு சிப்புக்கும் தயாரிப்பாளர் ஒரு வரம்பை வைத்திருக்கிறார். இன்டெல்லின் அண்மைக்கால டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றுக்கு அது 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95, ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு 89. இந்த வரம்பைத் தொட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் திடீரென்று தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். அதற்கும் மேலே போனால் கணினி தானாக அணைந்துவிடும்.

கேமில் 70 முதல் 85 டிகிரி வரை காட்டுவது நம் ஊர் வெயிலுக்குப் பெரும்பாலும் சாதாரணம்தான். வரம்பிலேயே போய் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் கவனிக்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் இதை நேரடியாகப் பார்க்கலாம்.

பிரவுசர் திறந்தாலே ஃபேன் ஏறி இறங்குவது ஏன்?

எந்த வெப்பநிலையில் ஃபேன் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்ற அட்டவணையை ஃபேன் கர்வ் என்பார்கள். பயாஸில் இருக்கும். ஒரு டேப் திறந்தாலே சிபியு ஒரு நொடிக்கு முழு வேகம் எடுத்து, 15 டிகிரி குதித்து, உடனே இறங்கிவிடும். கர்வ் செங்குத்தாக இருந்தால் ஃபேனும் கூடவே துள்ளும்.

தீர்வு எளிது. 60 டிகிரி வரை 35 சதவீதம், 75-இல் 60 சதவீதம், 85-க்கு மேல் முழு வேகம் என்று சாய்வாக வையுங்கள். வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதம் கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: கேபினட் ஃபேன்கள் வழக்கமாக சிபியு வெப்பநிலையைப் பார்த்தே ஓடும். கேமில் சூடாவதோ கிராபிக்ஸ் கார்டு. ஃபேன்கன்ட்ரோல் போன்ற இலவச மென்பொருள் வழியாக அவற்றை ஜிபியு வெப்பநிலையோடு இணைக்கலாம்.

கிராபிக்ஸ் கார்டு ஃபேன் சுற்றவே இல்லை என்றும் பதற வேண்டாம். சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தியே வைப்பது பல கார்டுகளில் இருக்கும் வசதி.

எப்போதும் முழு வேகத்திலேயே ஓடினால்?

ஃபேன் ஒயரின் முனையை எண்ணிப் பாருங்கள். 4 பின் ஃபேனுக்கு எப்போதும் 12 வோல்ட் போகும், வேகத்தைத் தனி ஒயரில் வரும் பிடபிள்யூஎம் சிக்னல் கட்டுப்படுத்தும். 3 பின் ஃபேனில் அந்த ஒயரே இல்லை, வோல்டேஜைக் குறைத்தால்தான் வேகம் குறையும். 3 பின் ஃபேனை மாட்டிவிட்டு பயாஸில் பிடபிள்யூஎம் என்று விட்டிருந்தால் அது நாள் முழுக்க முழு வேகத்தில்தான் ஓடும். அமைப்பை டிசி என்று மாற்றினால் போதும்.

செலவுக்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்

* சூட்டையே குறையுங்கள்: மானிட்டர் நொடிக்கு 60 ஃபிரேம்தான் காட்டும், கார்டு 150 ஃபிரேம் உருவாக்குகிறது என்றால் மிச்சமெல்லாம் பெரும்பாலும் வீண் சூடு. ஃபிரேம் வரம்பு வையுங்கள்.
* இடம் விடுங்கள்: மூடிய மேஜை அறைக்குள், சுவரோடு ஒட்டி கேபினட்டை வைக்காதீர்கள்.
* திசையைச் சரிபாருங்கள்: முன்பக்க ஃபேன்கள் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே தள்ள வேண்டும்.
* தூசி தட்டுங்கள்: கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபில்டரையும் ஹீட்சிங்க்கையும் சுத்தம் செய்யுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளையை மட்டும் திறக்கவே கூடாது.
* பக்கக் கதவைத் திறந்து சோதியுங்கள்: கேம் ஓடும்போது திறந்ததும் சூடு நன்றாகக் குறைந்தால் காற்றோட்டத்தில்தான் பிரச்சினை. சோதனை முடிந்ததும் மூடிவிடுங்கள், இல்லையென்றால் தூசி சேரும்.

இவ்வளவு செய்தும், கேம் தொடங்கிய சில நொடிகளிலேயே சிபியு வரம்பைத் தொடுகிறதா? அப்போது கூலருக்கும் சிப்புக்கும் இடையிலான தொடர்பைப் பார்க்க வேண்டும். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், லிக்விட் கூலரின் பம்ப் நின்றிருக்கலாம். புதுசாக அசெம்பிள் செய்த கணினி என்றால் கூலருக்கு அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுக்காமலேயே மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. புது ஃபேன் வாங்குவதைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான்.